பூ வேனில் பெட்ரோல் வாடை

வேலையை விட்ட பிறகு ஓய்வு எனக்குத்தான், என் போனுக்கு இல்லை. சொந்தமாகப் பட்டறை போட்டிருக்கும் தம்பிகள் யாராவது வாரத்தில் ஒரு தடவையாவது கூப்பிட்டுவிடுவார்கள். கொஞ்ச காலமாக எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான். "அண்ணே, பழைய வண்டி ஒண்ணு வந்திருக்கு. ஹோஸ் எல்லாம் மாத்தியாச்சு. பெட்ரோல் வாடை மட்டும் போக மாட்டேங்குது. என்ன செய்ய?"

இப்போது பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் எத்தனால் கலந்து வருகிறது. பழைய வண்டிகளின் ரப்பருக்கு அது ஒத்துக்கொள்ளாமல் போவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். சில ஹோஸ்கள் ஊறிப்போய், விரலால் அழுத்தினால் அல்வா மாதிரி அமுங்கும். சில காய்ந்து வெடிக்கும். அதனால் கேட்கிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மாற்றியாச்சு, மாற்றியாச்சு என்கிறார்களே தவிர, எங்கே ஒழுகியது என்று திருப்பிக் கேட்டால் போனில் சத்தத்தையே காணோம். ஒழுகும் இடம் தெரியாமல் மாட்டிய புது ஹோஸும் பழைய ஹோஸும் என் கணக்கில் ஒன்றுதான். போனில் பாதி சொன்னால் பாதி விட்டுப்போகிறது. அதனால் எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

எனக்குச் சொந்த ஊர் சின்னாளபட்டி. வீட்டில் அத்தனை பேரும் தறிக்காரர்கள். எனக்கு ஒரே இடத்தில் உட்காரும் பொறுமை கிடையாது. பள்ளிக்கூடத்திலும் என்மேல் அதே புகார்தான். திண்டுக்கல்லில் இரண்டு மூன்று பட்டறைகளில் ஸ்பானர் எடுத்துக் கொடுத்து, கார்புரேட்டர் கழுவி, வேண்டிய மட்டும் திட்டு வாங்கி, கடைசியில் பேகம்பூரில் ஜமால் பாயின் பட்டறையில் போய்ச் சேர்ந்தேன். முழங்கால் மடக்க முடியாமல் போகும் வரை அங்கேதான் இருந்தேன். தொழில் கற்ற காலத்தைப் பற்றிச் சொல்ல இதற்கு மேல் ஒன்றுமில்லை.

ஜமால் பாய் என்னைவிடச் சில வயது மூத்தவர். வெள்ளைச் சட்டையில் பட்டறைக்கு வருவார், வெள்ளையாகவே வீட்டுக்குப் போவார். வேலை செய்யாமல் இருந்துவிட்டு அல்ல. கை முழங்கை வரை கறுத்திருக்கும். சட்டையில் மட்டும் ஒரு பொட்டு இருக்காது. அந்த வித்தையை நாங்கள் கடைசி வரை கண்டுபிடிக்கவில்லை. அவர் சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கையில் இருக்கும் வேஸ்ட் துணியை இரண்டாக மடிப்பார், நாலாக மடிப்பார், எட்டாக மடிப்பார். துணி தீப்பெட்டி அளவுக்கு வந்துவிட்டால், ஆளுக்கொரு பக்கம் அவசர வேலை இருப்பது போல நாங்கள் நகர்ந்துவிடுவோம்.

பெட்ரோல் ஒழுகும் வண்டி வந்தால் மட்டும் அவர் வேறு ஆளாகிவிடுவார். சாவியை வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். முதல் வேலை பேட்டரி ஒயரைக் கழற்றுவது. டார்ச்சை வண்டிக்கு வெளியே நின்று போட்டுக்கொண்டுதான் அடியில் போக வேண்டும், வெளியே வந்துதான் அணைக்க வேண்டும். ஒயர் இழுத்த பல்பு பக்கத்திலேயே வரக்கூடாது. வாசலில் மணல் வாளி இருக்கும். பீடியும் கையுமாக நிற்கும் கஸ்டமரைத் தோளில் கை போட்டு, எதிரே உள்ள டீக்கடைக்கு அவரே கூட்டிக்கொண்டு போய்விடுவார். அதற்குப் பிறகு வண்டியின் அடிப்பாகத்தைக் கழுவி, துடைத்து, நன்றாகக் காயவிட வேண்டும். காய்ந்ததும் டேங்க்கில் இருந்து கார்புரேட்டர் வரைக்கும் குழாய் போகும் வழியெல்லாம் முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவ வேண்டும். பிறகு சும்மா உட்கார வேண்டும். இந்தச் சும்மா உட்காருவதுதான் மெக்கானிக்குக்கு ரொம்பக் கஷ்டம். செத்த நேரத்தில் பவுடரில் ஈரக்கோடு விழும். அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு மேலே போனால் ஒழுகும் இடம் கிடைக்கும். சொட்டும் இடத்தைப் பார்த்து நாங்கள் ஹோஸை மாற்றப் போனால், "அது சொட்டுற எடம். ஒழுகுற எடத்தக் காட்டு" என்பார்.

ரோட்டில் வண்டி ஒழுகி நின்றுவிட்டால் டிரைவர்கள் டேங்க்கில் பார் சோப்பைத் தேய்த்து அடைப்பார்கள். பெட்ரோலில் சோப்பு கரையாது என்பதால் அது கொஞ்ச தூரத்துக்குத் தாங்கும். பாய் அதைக் குறை சொன்னதில்லை. ஆனால் பட்டறைக்குள் வந்த மறு நிமிடம் அந்தச் சோப்பைச் சுரண்டி எடுத்தாக வேண்டும். பூசி மெழுகிய வண்டி எங்கள் வாசலைத் தாண்டக்கூடாது என்பது அவர் பிடிவாதம்.

இந்தப் பிடிவாதம் சும்மா வரவில்லை. நான் சேர்ந்த புதிதில் அடுத்த தெருவில் ஒரு வெல்டர் இருந்தார். நல்ல கைக்காரர். ஒரு பெட்ரோல் டேங்க்கைச் சுத்தமாக வடித்து, வெயிலில் கவிழ்த்துப் போட்டு, காலிதானே என்று நம்பி ஓட்டைக்கு வெல்டிங் வைத்தார். காலி டேங்க்கில் பெட்ரோல் இருக்காது, ஆவி இருக்கும். சத்தம் எங்கள் பட்டறைக் கூரைத் தகரத்தை உலுக்கியது. வெல்டர் பிழைத்தார், அவருடைய ஒரு கண் பிழைக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களில் பாயும் ஒருவர். அதன் பிறகு எங்களிடம் வந்த டேங்க் எதுவானாலும், வெல்டிங் வைக்கும் இடம் மட்டும் வெளியே தெரியும்படி கழுத்து வரை தண்ணீர் நிரப்பாமல் நெருப்பு பக்கத்தில் போனதில்லை.

சிரிக்கவும் விஷயம் உண்டு. நெய்க்காரப்பட்டியில் இருந்து தென்னந்தோப்புக்காரர் ஒருவர் பழைய ஜீப்பைக் கொண்டுவந்தார். "ஏனுங்க பாய், தெனமும் பெட்ரோல் கொறையுதுங்க. ஓட்டாம நிறுத்தி வெச்சாலும் கொறையுதுங்க" என்றார். கழுவினோம், பவுடர் தூவினோம், உட்கார்ந்தோம். எலும்பு மாதிரிக் காய்ந்து கிடந்தது. பாய் நிதானமாக, "வீட்ல மோட்டார் சைக்கிள் யாருங்க ஓட்டுறா?" என்று கேட்டார். தோப்புக்காரர் வாயைத் திறந்தார், மூடினார். கடைசியில், "மச்சினனுங்க" என்றார். "அந்த லீக்க அடைக்க எங்கிட்ட சாமான் இல்லீங்க" என்று சாவியைக் கொடுத்து அனுப்பிவிட்டார் பாய்.

என்னைத் தண்ணி குடிக்க வைத்த வண்டி என்றால் அது பாண்டியம்மாளின் பூ வேன். நான் வேலையை விடுவதற்குச் சில வருஷம் முன்பு நடந்தது.

பாண்டியம்மாளுக்கு ஊர் சித்தையன்கோட்டைப் பக்கம். புருஷன்தான் அந்த வேனை ஓட்டிக்கொண்டிருந்தார். சர்க்கரை நோயில் அவர் கண் மங்கியதும், பாண்டியம்மாள் லைசென்ஸ் எடுத்துத் தானே ஓட்ட ஆரம்பித்துவிட்டார். அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் விடியும்போது பறிக்கும் மல்லிகையையும் சம்பங்கியையும் மூட்டை மூட்டையாக ஏற்றி, திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் மண்டிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் தொழில். வண்டி பழைய பெட்ரோல் வேன். முன் சீட்டுக்கு அடியில் இன்ஜின், பின் தரைக்கு அடியில் டேங்க், அந்தத் தரையின்மேல் பூ.

அவர் முதலில் வந்தபோது என்னிடம்தான் பேசினார்.

"அண்ணே, ரெண்டு எடத்துல காட்டிட்டேன். மாத்தாத ஹோஸ் இல்ல. அப்பயும் பூவுல பெட்ரோல் வாடை வருது. மண்டிக்காரரு மூட்டையப் பிரிச்சு மோந்து பாத்துட்டு, பூ மண்டிக்கு வந்திருக்கியா, பங்க்குக்கு வந்திருக்கியான்னு கேக்குறாரு. இன்னொரு தடவ வாடை வந்துச்சுன்னா வரவேணாம்னுட்டாரு."

சொல்லும்போது சிரிக்கத்தான் செய்தார். ஆனால் சேலைத் தலைப்பின் நுனியை விரலில் சுற்றிச் சுற்றி, விரல் நுனி வெளுத்துப் போயிருந்தது. முகூர்த்தக் காலம் வேறு. பூவுக்கு அதுதான் அறுவடை.

பாய் வந்து கையை நீட்டினார். "சாவியக் குடும்மா."

"எப்பத் தருவீங்க பாய்?"

"ஒழுகுற எடம் தெரிஞ்சதும்."

"நாளைக்கு விடிய பூ எடுக்கணுமே!"

"வேற வண்டியில எடுத்துட்டுப் போம்மா."

"வேற வண்டியில போனா பூ அந்த வண்டியோடயே போயிரும் பாய். அப்பறம் எம்பக்கம் திரும்புமா?"

பாய் சாவியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. பாண்டியம்மாள் போன பிறகு பாயிடம், "காலையில மட்டும் ஓட்டிட்டுக் கொண்டாந்து விடட்டுமே பாய்" என்றேன்.

"வண்டியில யாரு போறா?"

"அவங்கதான். கூட பூப் பறிக்கிற பொம்பளைக நாலஞ்சு பேரு."

"இன்ஜின் எங்க இருக்கு?"

"சீட்டுக்கு அடியில."

பாய் வேஸ்ட் துணியை இரண்டாக மடித்தார். நான் தண்ணீர் வாளியை எடுக்கப் போனேன்.

வண்டியைக் கழுவினேன், காயவைத்தேன், பவுடர் தூவினேன். ஒரு பொட்டு ஈரம் இல்லை. இன்ஜினை ஓடவிட்டுப் பார்த்தேன், நிறுத்திப் பார்த்தேன். முந்தைய மெக்கானிக்குகள் மாட்டிய ஹோஸும் கிளிப்பும் ஒழுங்காகத்தான் இருந்தன. டேங்க் மூடியைத் திறந்து பார்த்தேன். அதிலும் குறை இல்லை. பின் தரையில் ஒட்டியிருந்த பழைய விரிப்பில் மட்டும் வாடை இருந்தது. அதைப் பிய்த்து எறிந்தோம். மறுநாளும் அதே கதை, அதற்கு மறுநாளும் அதே கதை. தலைகீழாக நின்று பார்த்தும் வண்டி ஒழுகவில்லை. பாண்டியம்மாள் தினமும் மத்தியானம் பஸ் ஏறி வந்து வாசலில் நிற்பார். ஒன்றும் கேட்க மாட்டார். நான் இல்லையென்று தலையை ஆட்டினால் திரும்பிப் போய்விடுவார். அவர் போகிற நடையைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை, அதனால் அடுத்த நாள் அவர் வருகிற நேரத்துக்கு வேறொரு வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டேன்.

கடைசியில் பாய் ஒரு முடிவுக்கு வந்தார். "வண்டிக்கு இங்க ஒரு நோவும் இல்ல முருகேசா. அது அவுங்க வீட்டுல இருக்கும்போதுதான் இருக்கு. நீ ஓட்டிட்டுப் போ. அந்தம்மா பஸ்ஸுல வரட்டும். அது எங்க நிக்கிது, எப்ப பெட்ரோல் போடுறாங்க, யாரு தொடுறா, அம்புட்டையும் பாரு. நீயா ஒண்ணும் செய்யாத. அவுங்க செய்யுறத மட்டும் பாரு."

தீயணைப்பு சிலிண்டரைப் பக்கத்து சீட்டில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். மார்க்கெட் முடிந்து திரும்பும்போது டேங்க்கை நிரப்புவது வழக்கம் என்று பாண்டியம்மாள் சொல்லியிருந்ததால், அதே பங்க்கில் நிரப்பினேன். வீட்டுக்கு முன்னால் எப்போதும் நிறுத்தும் இடம் வெட்டவெளி. பொட்டு நிழல் இல்லை. நிறுத்தி இறங்கினேன். புருஷன் வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சத்தத்தை வைத்தே, "நம்ம வண்டியா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் இருந்த சந்தோஷம் எனக்குச் சங்கடமாக இருந்தது. வண்டி இன்னும் சரியாகவில்லை என்று சொல்லவேண்டியதாயிற்று.

பின்னாலேயே பஸ்ஸில் வந்த பாண்டியம்மாள் எனக்கு மோர் கொடுத்தார். பிறகு உள்ளே போய், பூ மூட்டைக்குப் போடும் பாலிதீன் தாளில் இரண்டு துண்டும், நனைத்த வாழைநாரும் எடுத்துக்கொண்டு வந்தார். டேங்க் மூடியைத் திறந்தார். வாயின்மேல் ஒரு தாளை வைத்து, அதன்மேல் மூடியைத் திருகினார். இன்னொரு தாளை மூடிக்கு வெளியே சுற்றி, வாழைநாரால் இறுக்கி, மாலை கட்டும் முடிச்சாக இரண்டு முடிச்சுப் போட்டார். கை அவ்வளவு வேகம். ஒரு சுருக்கம் இல்லாமல் பார்க்கவே அழகாக இருந்தது.

"ஏம்மா, இது எதுக்கு?"

"வாடை வெளிய வரக்கூடாதுல்லண்ணே. டேங்க்ல இருந்துதான வருது? அதான் வாயக் கட்டிவிடுறேன்."

"எப்ப இருந்து?"

"வாடை வர ஆரம்பிச்ச நாள்ல இருந்தே கட்டுறேன்."

"பட்டறைக்கு வந்தப்ப இது இல்லையே?"

"பங்க்குல பெட்ரோல் போடுறப்ப அவுத்துருவேன். வீட்டுக்கு வந்துதான் திரும்பக் கட்டுவேன். நார நனச்சுக் கட்டுனாத்தான இறுகும்?"

பாய் சொல்லியனுப்பியபடி நான் எதையும் தொடவில்லை. பேட்டரி ஒயரை மட்டும் கழற்றிவிட்டேன். பின் தரையில் ஒரு தகட்டு மூடி உண்டு. அதைத் திறந்தால் டேங்க்கின் மேல்பக்கம் தெரியும். பெட்ரோல் அளவு காட்டும் கேஜ் அங்கேதான் ஒரு ரப்பர் கேஸ்கெட்டின்மேல் உட்கார்ந்திருக்கும். அதைச் சுற்றிப் பவுடரைத் தூவிவிட்டு, கட்டில்காரருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் பீடி எடுத்தார். வாங்கி என் பையில் போட்டுக்கொண்டேன்.

வெயில் ஏறியது. வேனின் தகரம் தொட முடியாதபடி சுட்டது. போய்ப் பார்த்தேன். கேஜைச் சுற்றி வெள்ளைப் பவுடர் வளையமாகக் கறுத்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓர் ஓரம் கசிந்து, டேங்க் முதுகில் கோடாக இறங்கியது. பகலில் இப்படிக் கசிந்ததன் ஆவி மேலே விரிப்பில் ஊறித்தான், விடியற்காலையில் ஏற்றும் பூவில் வாடை பிடித்திருக்கிறது. பாண்டியம்மாளைக் கூப்பிட்டுக் காட்டினேன். பிறகு நாரை அறுத்து, மூடியை மெல்ல, மெல்லத் திருகினேன். டேங்க்குக்குள் இருந்து 'உஸ்ஸ்' என்று நீளமாக ஒரு சத்தம் வந்தது.

பாண்டியம்மாள் துள்ளிப் பின்னால் போனார். "அய்யோ, பாம்பாண்ணே?"

"பாம்பு இல்லம்மா. மூச்சு."

அந்த வண்டியின் டேங்க் மூடியில் ஊசி முனை அளவுக்கு ஒரு துளை உண்டு. வெயிலில் பெட்ரோல் சூடாகி ஆவி பெருகும்போது அதன் வழியாகத்தான் வெளியேற வேண்டும். அதை அடைத்துவிட்டால் அழுத்தம் ஏறி, எங்கே பலவீனமோ அங்கே பெட்ரோலைத் தள்ளும். முதன்முதலில் வந்த வாடை பழைய ஹோஸில் இருந்து வந்திருக்க வேண்டும். முதல் மெக்கானிக் ஹோஸை மாற்றியதோடு அது தீர்ந்திருக்கும். ஆனால் அதற்குள் வாயைக் கட்டியாயிற்று. அந்த அழுத்தத்தில் கேஜ் கேஸ்கெட் விட்டுக்கொடுத்தது. வாடை கூடக் கூட அவர் இன்னும் இறுக்கிக் கட்டியிருக்கிறார். பட்டறை நிழலில், அவிழ்த்த மூடியோடு, அது எப்படி ஒழுகும்?

நான் சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு அவர் தரையில் உட்கார்ந்தார்.

"அப்ப இது நாஞ்செஞ்ச வேலைதானாண்ணே?"

"கேஸ்கெட்டும் பழசும்மா" என்றேன். அது பொய் இல்லை. முழு பதிலும் இல்லை என்பது அவருக்கும் தெரிந்திருந்தது. பாவமாக இருந்தது. ஒரு பொருளை வாடாமல், சிந்தாமல் கட்டுவதுதான் அவருக்குத் தெரிந்த தொழில். அதைத்தான் டேங்க்குக்கும் செய்திருக்கிறார்.

டேங்க் மூடியைத் திறந்து வண்டியை ஆறவிட்டு, சாயங்காலம் மெதுவாக ஓட்டிக்கொண்டு போனேன். பாயிடம் சொன்னபோது அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "நம்ம கேட்டிருக்கணும் முருகேசா. வண்டிய நிறுத்துனதும் என்ன செய்வீங்கன்னு ஒரு வார்த்தை கேக்கலையே" என்றார். அன்று முதல் அந்தக் கேள்வியும் எங்கள் பட்டறை வழக்கத்தில் சேர்ந்தது. போனில் கேட்கும் தம்பிகளுக்கு நான் சொல்லவந்ததும் இதுதான். ஹோஸைப் பார்ப்பதற்கு முன்னால் வண்டிக்காரரிடம் பேசுங்கள்.

டேங்க்கை வெட்டவெளியில் வடித்து இறக்கினோம். கேஸ்கெட் உட்காரும் முகத்தைச் சுரண்டுவதற்கு மரச்சில்லு மட்டும்தான். இரும்பு பட்டால் பொறி பறக்கும். இப்போதைய பெட்ரோலைத் தாங்கும் புது கேஸ்கெட் வாங்கி வைத்து, திருகுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். அவசரத்தில் ஒரு பக்கமே இறுக்கினால் மறுபக்கம் வாய் பிளக்கும். புது மூடி போட்டோம். டேங்க்கை நிரப்பி, ரோட்டோரம் வெயிலில் ஒரு பகல் முழுக்க நிறுத்திப் பவுடர் தூவிப் பார்த்தோம். தூவிய பவுடர் அப்படியே வெள்ளையாக இருந்தது. பாய் குனிந்து மோந்து பார்த்துவிட்டு, சட்டைப் பையில் இருந்து சாவியை எடுத்துக் கொடுத்தார்.

ஆனால் பாண்டியம்மாள் பயந்தது நடந்துவிட்டது. அந்த நாட்களில் வேறொரு சரக்கு ஆட்டோக்காரர் பூவை எடுக்க ஆரம்பித்திருந்தார். வண்டி சரியான பிறகும் தோட்டக்காரர்கள் அந்த ஆட்டோக்காரரை விடவில்லை. மண்டியிலும் அந்த வேனுக்குப் 'பங்க்' என்று பேர் விழுந்துவிட்டது. வாடை போய்விட்டது, பேர் போகவில்லை. நாங்கள் சாவியைப் பிடித்துவைத்தது சரிதான், இன்றைக்கும் அப்படித்தான் செய்வேன். அதில் அவர் பிழைப்பு போனதும் நிஜம். இரண்டில் ஒன்றைச் சொல்லி இன்னொன்றை மறைக்க எனக்கு இஷ்டமில்லை.

கொஞ்ச நாள் கழித்து அவர் மறுபடி பட்டறைக்கு வந்தார். பூவை விட்டுவிட்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றலாம் என்று முடிவு செய்திருந்தார். அதற்குச் செய்யவேண்டிய மாற்றமெல்லாம் செய்து அனுமதியும் வாங்கியிருந்தார். சின்னாளபட்டியிலும் சுற்றிலும் கேட்டுப் பார்த்தாராம். யாரும் பிள்ளையைத் தரவில்லை.

"பெட்ரோல் வேனான்னு கேக்குறாங்க பாய். எந்த வேன் தண்ணியில ஓடுது? ஆனா நான் என்ன சொல்ல முடியும்? நீங்க ஒரு வார்த்த சொன்னீங்கன்னா நம்புவாங்க. இதுவும் போச்சுன்னா வண்டிய எடைக்குத்தான் போடணும்."

பாய் கையைத் துடைத்துக்கொண்டார். "நான் சொன்னா அது வாய் வார்த்தைதாம்மா. டேங்க்க மாட்டுனது இவன். இவன் பேத்தி சின்னாளபட்டியிலதான படிக்கிது?" என்று என் பக்கம் திரும்பினார். "ஏன் முருகேசா, அனுப்புவியா?"

பாண்டியம்மாள் என் முகத்தைப் பார்த்தார். "அனுப்புறேன் பாய். திங்கக்கிழமையில இருந்து அனுப்புறேன்" என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

மகளும் மருமகனும் திருப்பூரில் வேலையில் இருந்தார்கள். பேத்தி எங்களிடம் இருந்தாள். ஒன்றாம் வகுப்பு. அன்று ராத்திரி சாப்பாட்டில் விஷயத்தைச் சொன்னேன். என் மனைவி லட்சுமி சண்டைக்கு வரவில்லை. வெஞ்சனம் வைத்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"டேங்க நீங்கதான மாட்டுனீங்க?"

"நாந்தான்."

"நல்லாத்தான மாட்டுனீங்க?"

"நல்லாத்தான் மாட்டுனேன்."

"அப்பறம் எதுக்கு மூஞ்சி இப்புடி இருக்கு?"

எத்தனையோ வண்டிகளை, எத்தனையோ பேர் வீட்டுப் பிள்ளைகள் ஏறுகிற வண்டிகளை, முடிந்தது என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். ஒரு நாளும் பயந்ததில்லை. அன்றைக்குப் பயமாகவே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பாண்டியம்மாளுக்குப் போன் செய்து, பிரேக்கை ஒருமுறை பார்த்துவிடலாம் என்று சொல்லி வேனைக் கொண்டுவரச் சொன்னேன். பிரேக்கையும் பார்த்தேன். பிறகு யாரும் கேட்காமல் டேங்க்கை வடித்து மறுபடியும் இறக்கினேன். ஒழுகாத டேங்க்கை நான் இறக்கியது என் வேலைக்காலத்தில் அந்த ஒரு தடவைதான். கேஸ்கெட் வைத்தது வைத்தபடி இருந்தது. ஒரு திருகுகூடத் தளரவில்லை. திரும்ப மாட்டினேன். பாய் பகல் தொழுகை முடித்து வந்து, பட்டறை வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஏன் என்று கேட்கவில்லை. வெளியே போய் இரண்டு டீ வாங்கிக்கொண்டு வந்தார்.

திங்கட்கிழமை காலையில் எங்கள் தெருவில் வேன் வந்து நின்றது. தெருவில் நாலைந்து வீட்டுக்காரர்கள் வாசலில் நின்று பார்த்தார்கள். பேத்தியை நானே தூக்கி ஏற்றிவிட்டேன். வேனில் அவள் ஒருத்திதான். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து கையை ஆட்டிக்கொண்டு போனாள். நான் அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை.

சாயங்காலம் வேன் வந்து நின்றது. கதவைத் திறந்து அவளைத் தூக்கினேன். தூக்கிய கையோடு, யோசிக்காமல், அவள் தலைமுடியில் மூக்கை வைத்தேன். பிறகு யூனிஃபார்ம் தோளில் வைத்தேன். தேங்காய் எண்ணெய், வியர்வை, மத்தியானம் சாப்பிட்ட புளிச்சோறு. வேறு ஒன்றும் இல்லை.

நிமிர்ந்தபோது டிரைவர் சீட்டில் இருந்து பாண்டியம்மாள் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் என்ன செய்தேன் என்று அவருக்குத் தெரியும். மண்டியில் மூட்டையைப் பிரித்து மோந்து பார்த்தவர்களைப் பார்த்துப் பழகியவர். ஸ்டீரிங்கைப் பிடித்த கையை எடுக்காமல் கேட்டார்.

"வாடை இருக்காண்ணே?"

"இல்லம்மா" என்றேன். "நாளைக்கும் வந்துருங்க."